ரெண்டாவது மிதவையிலை உன்னை விட்டிட்டுப் போனனான்

எடியே,

நேற்றுப் பின்னேரம் நீ டியூட்டி முடிஞ்சு வரேக்கை கேற்றடியிலை நிண்டு அரை மணித்தியாலம் கதைச்சனாங்கள், ஆனா நான் கதைக்கவேண்டியதைக் கதைக்கேல்லை. போட்டி முடிஞ்சு மூண்டு கிழமையாச்சு. கடலிலை நீந்தேக்கை ரெண்டாவது மிதவையடியிலை நடந்ததைப் பற்றி நீயும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. நேரிலை தொடங்கினா நீ "சும்மா இரடி" எண்டு கதையை மாத்திப்போடுவாய் எண்டு தெரியும், அதாலைதான் எழுதிறன். எல்லாருக்கும் தெரிய எழுதட்டோ எண்டு கேட்டதுக்குப் பேர் போடாமல் எழுது எண்டனி. போடேல்லை.

தொடங்கினது நீதான். போன சித்திரை வருசத்துக்கு அடுத்தநாள் இரவு ஃபோன் எடுத்து, ஸ்பிரின்ட் ட்ரையத்லன் எண்டு ஒண்டு இருக்கு, 750 மீற்றர் கடலிலை நீந்தி அந்த ஈரத்தோடை 20 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி பேந்து 5 கிலோமீற்றர் ஓடவேணும், நடுவிலை உடுப்புச் சப்பாத்து மாத்திற நேரமும் கணக்கிலை வரும், வாறியோ எண்டு கேட்டனி. சைக்கிளெண்டோடனை நான் ஓம், ஓட்டம் பழகலாம், ஆனா நீச்சலெண்டு உன்ரை வாயாலை கேட்டோடனை எனக்குப் பேச்சு வரேல்லை. ஏனெண்டா 2004 மார்கழி 26க்குப் பிறகு நீ கடலிலை கால் நனைச்சு நான் காணேல்லை. மணற்காட்டிலை உன்ரை சித்தியையும் அவவின்ரை சின்னவளையும் கொண்டுபோன தண்ணி. பள்ளிக்கூடப் பிள்ளையளோடை காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போற நேரமெல்லாம் நீ சவுக்கு மரத்துக்குக் கீழை இருந்து எல்லாற்றை செருப்புக்கும் பையுக்கும் காவல் இருப்பாய், நாங்கள் ஒருத்தரும் வா எண்டு கூப்பிடமாட்டம்.

ஏனடி இப்ப எண்டு கேட்டன். "என்ரை பயத்தைப் பாத்து மகளும் பயப்பிடப் பழகிறாள்" எண்டனி. அதுக்கு மேலை நான் கேக்கேல்லை.

உன்ரை அப்பா முந்தி எங்களுக்குச் சொல்லுற கதை ஞாபகமிருக்கோ, தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இலை பாக்குநீரிணையை நீந்திக் கடந்தது, பிறகு வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இலை அங்காலை போய்த் திரும்பியும் நீந்தி வந்தது, 1984 இலை ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் உயிரை விட்டது. அப்பா சொல்லேக்கை குரல் தழுதழுக்கும். ஆனா அதே வடமராட்சிக் கரையிலை பிறந்த உனக்கும் உன்ரை அக்காமாருக்கும் நீந்தக் காட்டிக்குடுக்கவேணும் எண்டு ஒருத்தருக்கும் தோணேல்லை. எனக்கு அது இப்பவும் சரியான கவலை. கடலுக்கு நூறு யார் தள்ளி வளந்த பிள்ளையளடி நீங்கள். 2000 இலை சிட்னி ஒலிம்பிக்கிலை ட்ரையத்லனை முதல்முதல் சேக்கேக்கை பொம்பிளையளின்ரை போட்டிதான் முதல் நடந்தது, ஆம்பிளையளின்ரை அடுத்தநாள், இதை வாசிச்ச அண்டைக்கு உனக்குத்தான் முதல் சொன்னனான்.

நாங்கள் மிதக்கப் பழகினது கீரிமலையிலை, பொம்பிளையளின்ரை கேணியிலை. சுத்தவர மதில், அந்த நல்ல தண்ணி, ஆடிக் கிரியைக்கு வந்த ஆச்சிமார் ரெண்டுபேர் படியிலை இருந்து "பிள்ளை, மூச்சை உள்ளை பிடி, வயித்தை மேலை குடு" எண்டு சொல்லித் தந்தினம். நீ முதல் தரம் மல்லாந்து மிதந்தது அந்த ஆச்சியின்ரை கை உன்ரை முதுகுக்குக் கீழை இருக்கேக்கை. அவ கையை எடுத்தது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

பேந்து கசூரினா. சோளகம், அந்தத் தென்மேல் காத்து, அடிக்கிற மாதங்களிலை வடக்குப் பாத்த அந்தக் கரை குளம்மாதிரி கிடக்கும், எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பு மட்டுந்தான். முழுக்கை ரீசேட்டும் லெக்கின்ஸும் போட்டுக்கொண்டு நாங்கள் கரையோடை நீந்த, வந்தவை போனவையெல்லாம் பாத்துக்கொண்டு நிப்பினம், நாலைஞ்சு கிழமை போக அவைக்கும் பழகிட்டுது. ஆறு ஏழு கைவீச்சுக்கு ஒருக்காக் கண்ணை மட்டும் தண்ணிக்கு வெளியிலை எடுத்து எங்கை போறம் எண்டு பாக்கப் பழகினம், இல்லாட்டி கடலிலை நேராப் போகேலாது, நீச்சல் தடாகத்தின்ரை அடியிலை இருக்கிற கோடு அங்கை இல்லை. கார்த்திகை மார்கழியிலை மழையும் வாடைக்காத்தும் வந்தோடனை கடலை விட்டிட்டு தடாகத்திலை காலத்தைப் போக்கினம். இதிலை ஒரு பிழை நடந்தது, அது எங்கள் ரெண்டுபேற்றை பிழையும்தான். எங்கை பழகினாலும் காலைக் கீழை வைச்சா நிலம் இருந்தது. களைச்சா நீ எழும்பி நிப்பாய், நானும் நிப்பன், மூச்செடுத்துப்போட்டுத் திரும்பத் தொடங்குவம். நிலம் இல்லாத தண்ணியிலை ஒரு நாளும் நாங்கள் நீந்திப் பாக்கேல்லை.

சைக்கிளைப் பற்றி ஆரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நானும் நீயும் சிநேகிதமானதே சைக்கிளாலைதானே. 1995 ஐப்பசி 30, சண்டையாலை வலிகாமம் முழுக்க ஒரே இரவிலை ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டு, கொட்டுற மழையிலை சனத்துக்குள்ளாலை ஓடேலாமல் அப்பா உருட்டிக்கொண்டு வந்த சைக்கிள், கரியரிலை அரிசியும் தம்பியும், ஹாண்டிலிலை பானையள், நான் பின்னாலை பிடிச்சுக்கொண்டு நடந்து வந்து கடைசியா உங்கடை ஊரிலைதான் நிண்டனாங்கள். உங்கடை பள்ளிக்கூடத்திலை என்னைக் கொண்டுபோய்ச் சேத்த முதல் நாள் நீதான் உன்ரை சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வந்தனி. பெற்றோல் இல்லாத அந்த வருசங்களிலை வருத்தக்காறரும் விறகும் கலியாணப் பொம்பிளையும் சைக்கிளிலைதான் போனது, 2022 இலை பெற்றோல் இல்லாமல் போனோடனை நான் திரும்பவும் சைக்கிளைத் துடைச்சு எடுத்துப் பள்ளிக்கூடம் போகேக்கை எனக்கு ஒண்டும் புதுசா இருக்கேல்லை. அதாலை பண்ணையாலை வெளிக்கிட்டு வேலணைப் பக்கம் 10 கிலோமீற்றர் போய்த் திரும்பிற ஓட்டம், ரெண்டு பக்கமும் கடல், முகத்திலை அடிக்கிற காத்து, அது பயிற்சியெண்டே தெரியேல்லை. ஒரே கஷ்டம், போட்டியிலை ஒருத்தற்றை பின்னாலை ஒட்டிக்கொண்டோ பக்கத்திலை சோடியாவோ ஓடக்கூடாது. முப்பது வருசமாச் சோடியா ஓடிக் கதைச்சுப் பழகின எங்களுக்கு அதுதான் ஏலாமல் கிடந்தது.

நான் ஆசைப்பட்டது உனக்குத் தெரியும், ரெண்டுபேரும் கை கோத்துக்கொண்டு முடிவுக்கோட்டைக் கடக்கவேணும். நீதான் கண்டுபிடிச்சுக் காட்டினனி, 2019 இலை டோக்கியோவிலை நடந்த ஒலிம்பிக் பரீட்சார்த்தப் போட்டியிலை ஜெஸ் லியர்மன்த்தும் ஜோர்ஜியா டெய்லர் பிரவுணும் அப்பிடிக் கையைப் பிடிச்சுக்கொண்டு முதலாவதா வந்து, வேணுமெண்டு சமநிலை ஆக்கினதெண்டு ரெண்டுபேரையும் போட்டியிலையிருந்து நீக்கினதை. "அவரவர் தன்ரை பாட்டிலை போறதுதான்" எண்டனி. நான் ஓம் எண்டனான், ஆனா மனசிலை ஓம் எண்டு சொல்லேல்லை.

சரி, மாசி மாதம், தெற்குக் கரை. அலை எங்கடை அலை இல்லை. நாலு அடி வைச்சோடனை நிலம் போட்டுது. முதல் மிதவை மட்டும் பக்கத்திலை பக்கத்திலை வந்தனாங்கள், உன்ரை ரோஸ் தொப்பியை ஒவ்வொரு மூச்சுக்கும் பாத்தனான். ரெண்டாவது மிதவைக்குக் கிட்ட நீ காலைக் கீழை விட்டனி. கசூரினா பழக்கத்திலை விட்டனி, அதை நான் கண்டனான். கீழை ஒண்டும் இல்லையெண்டு கண்டோடனை உன்ரை முகம் போன போக்கை என்னாலை மறக்கேலாது. உயிர்காப்பாளர் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தார், பிடிச்சு ஆறலாம், பலகை முன்னாலை போகாட்டிப் பிழையில்லை எண்டு காலமை சொல்லியிருந்தவை. நீ ரெண்டு கையாலையும் பிடிச்சனி. நான் பக்கத்திலை மிதந்துகொண்டு நிண்டன். நீ என்னைப் பாத்து "போ" எண்டனி. ஒரு சொல்லுத்தான்.

நான் போனன்.

நீ சொன்னதாலை போனதெண்டுதான் வீட்டிலை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். அது முழு உண்மை இல்லையடி. நீ போ எண்டு சொன்னது எனக்கு ஆறுதலா இருந்தது. உன்ரை பயம் என்ரை காலையும் பிடிச்சு இழுத்துக்கொண்டு இருந்தது, இன்னும் ஒரு நிமிசம் அங்கை நிண்டிருந்தா நானும் அந்தப் பலகையைப் பிடிச்சிருப்பன், பேந்து விட்டிருக்கமாட்டன். திரும்பிப் பாக்கவுமில்லை. திரும்பிப் பாத்தனான் எண்டு அண்டு பின்னேரம் உன்ரை மனிசனுக்குச் சொன்னனே, அது பொய்.

சைக்கிள் எடுக்கிற இடத்திலை கை நடுங்கி ஹெல்மெற் பட்டி பூட்டுப்படேல்லை. பூட்டாமல் சைக்கிளிலை கை வைக்கக்கூடாது, அதிலை நிண்டு பட்டியோடை மினைக்கெட்டுக்கொண்டு கடலைப் பாத்தன், உன்ரை தொப்பி தெரியேல்லை. சைக்கிள் பாதை நாலு சுத்து. முதல் சுத்து நீ இல்லை. ரெண்டாவது சுத்திலை எதிர்ப்பக்கத்தாலை வாற ஒவ்வொருத்தரையும் பாத்தன், இல்லை. நான் என்ன வேகத்திலை மிதிச்சன் எண்டே தெரியாது. மூண்டாவது சுத்துத் திருப்பத்திலை தம்பியிட்டை இரவல் வேண்டின அந்த வெள்ளை ஹெல்மெற்றோடை நீ வந்தாய், குனிஞ்சு, ஆரையும் பாக்காமல், விடிய வேலைக்குப் பிந்திப் போறவள்மாதிரி. நான் குளறிக் கூப்பிட்டன். நீ ஒரு விரலை ஹாண்டிலிலையிருந்து தூக்கிக் காட்டினனி. அதிலையிருந்து சுத்து முடியுமட்டும் நான் அழுதுகொண்டுதான் ஓடினனான்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. சைக்கிளாலை இறங்கின கால் முதல் ஒரு கிலோமீற்றருக்குச் சொன்னபடி கேக்காது எண்டு தெரிஞ்சுதான் ஞாயிற்றுக்கிழமையளிலை சைக்கிளை வைச்ச கையோடை கோயில் வீதியைச் சுத்தி ஓடிப் பழகினனாங்கள், அது உதவிச்சுது. நான் 1 மணித்தியாலம் 54 நிமிசம். நீ 2 மணித்தியாலம் 13. அந்த 19 நிமிசம் நான் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலை தண்ணிப் போத்திலோடை நிண்டன், உன்னோடை சேந்து ஓடி வரக்கூடாது, ஓடியிருந்தா உனக்குத்தான் பிழை. நீ வந்து, கோட்டைக் கடந்து, போத்திலை வாங்கி முழுக்கக் குடிச்சுப்போட்டு, "மகளுக்கு ஃபோன் எடு" எண்டனி. அவள் அழுதாள், நீ அழேல்லை.

இதிலை மன்னிப்புக் கேக்கத்தான் தொடங்கினனான். எழுத எழுத எனக்கு வேறை ஒண்டு விளங்குது. நான் கேக்கவேண்டிய கேள்வியொண்டை மூண்டு கிழமையா என்ரை குற்றத்தைப் பற்றி மட்டும் யோசிச்சுக்கொண்டு கேக்காமல் விட்டிருக்கிறன். நான் போனாப் பிறகு, அந்தப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் நிண்டனி? அந்தத் தண்ணியிலை, நிலம் இல்லாத இடத்திலை, கையை எப்பிடியடி விட்டனி? நீயா விட்டனியோ, இல்லாட்டி கீரிமலை ஆச்சி மாதிரி ஆரும் ஏதும் சொன்னவையோ?

ஞாயிறு விடிய 5.30க்குப் பொன்னாலைப் பாலத்தடியிலை நிக்கிறன். மகளையும் கூட்டிக்கொண்டு வா, அவளின்ரை அளவிலை ஒரு லைஃப் ஜாக்கெற் வேண்டி வைச்சிருக்கிறன். வாற வழியிலை சொல்லு.