பேரனின் விடையைப் பற்றி

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருப்பதாகப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால், அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே அளவாக மோர் ஊற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகும், அக்காவின் மோரை ஒடுக்கமான உயர்ந்த டம்ளருக்கு மாற்றிய உடனே "அவளுக்குத்தான் நிறைய" என்று உன் ஐந்து வயதுப் பேரன் அழுததையும், பிள்ளைக்கு அறிவு மந்தமோ என்று நீ கலங்கியதையும் படித்தபின், மற்றச் செய்திகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன்.

கலங்காதே. உன் வீட்டில் நடந்ததைத்தான் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே ஒரு சோதனையாகவே அமைத்துப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்தார். 1920 வாக்கில் அவர் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத் தேர்வுகளைச் சீர்ப்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் அந்த வேலை. அவர் கவனமோ தவறான விடைகளில் போய் நின்றது. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறு செய்வதைக் கண்ட அவர், குழந்தையின் சிந்தனை பெரியவரின் சிந்தனையில் குறைந்த அளவு அன்று, அதற்கென்று தனியான ஒழுங்கு உண்டு என்று கருதினார். உன் பேரன் உயரத்தைப் பார்க்கிறான். அகலம் குறைந்ததையும் சேர்த்து எண்ணிப் பார்க்க அவனுக்கு இன்னும் வரவில்லை. பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டி, "ஊற்றினதுதானே, அதே மோர்தானே" என்று அவனே சொல்லிவிடுவான்.

இந்த அளவு நாம் ஆசிரியப் பயிற்சியில் படித்ததுதான். குழந்தையின் சிந்தனை வளரும் நிலைகள் என்று அவர் வகுத்தவற்றின் பெயர்களை வரிசையாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கினோம். அதற்குப் பின் நடந்ததை யாரும் நமக்குச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உளவியல் ஆய்வாளர்களான மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1974இல் பியாஜேயின் இன்னொரு சோதனையை எடுத்துக்கொண்டார்கள். வில்லைகளை எண்ணிக்கையில் சமமாக இரண்டு வரிசையாக அடுக்கி, ஒரு வரிசையின் நீளத்தை மாற்றிவிட்டு, "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்பது அந்தச் சோதனை. அவர்கள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை, ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து வந்து கலைத்தது. வழக்கமான முறையில் தவறாகச் சொன்ன பல குழந்தைகள், கரடி கலைத்தபோது இரண்டும் சமம் என்று சரியாகச் சொன்னார்கள்.

காரணத்தை யோசித்துப் பார். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையும் மாற வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை நினைக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் நின்ற நமக்கு இது தெரியாதா? மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஏழும் எட்டும் பதினைந்து என்று சரியாகச் சொன்னான். மற்றவர்களுக்குக் கேட்கட்டும் என்று நான் "எவ்வளவு?" என்று திரும்பக் கேட்டதும், அவன் என் முகத்தைப் பார்த்து, விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பதினாலு சார்" என்றான். அன்று அவனுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டினேன். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பியாஜே சொன்னது பொய்யாகிவிடவில்லை. மிகச் சிறிய குழந்தைகள் அளவைத் தோற்றத்தைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள் என்பது இன்றும் நிற்கிறது. ஆனால் குழந்தைக்கு என்ன தெரியும் என்பதோடு, நாம் எப்படிக் கேட்டோம் என்பதும் விடையில் கலந்திருக்கிறது. ரஷ்யாவின் உளவியலாளர் வைகாட்ஸ்கி, 1934இல் முப்பத்தேழு வயதிலேயே காசநோயால் இறந்தவர், இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தை தனியாகச் செய்வதை மட்டும் அளக்காமல், கைகொடுத்தால் எது வரை போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

உன் இன்னொரு வருத்தத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இளைஞர்களோடு ஒப்பிட்டால் நம் புத்தி தேய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கிய அறிவுத் திறன் ஆய்வில், வெவ்வேறு வயதினரை ஒரே சமயத்தில் ஒப்பிட்டதோடு நிற்காமல், அதே ஆட்களை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதித்தார்கள். ஒரே சமயத்தில் ஒப்பிட்டபோது நடுவயதிலேயே சரிவு தெரிந்தது. அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது பல திறன்கள் அறுபதை ஒட்டும் வரை பெரிதாகக் குறையவில்லை. முதியவர்கள் வேறொரு காலத்தில், குறைந்த பள்ளிப் படிப்போடு வளர்ந்தவர்கள் என்ற வேறுபாட்டையும் மூப்பின் கணக்கில் சேர்த்துவிடும் தவறு முதல் முறையில் இருக்கிறது.

எனக்காக ஒன்று செய். அடுத்த முறை மோரை நீ மாற்றாதே, அவன் கையாலேயே மாற்றி ஊற்றச் சொல். கேள்வியை ஒரே ஒரு தடவை கேள். சரி, தப்பு என்று எதுவும் சொல்லாமல் "எப்படிடா கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேட்டு, அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்