எங்கள் களத்தில் வந்து நின்றவர்களுக்கு

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன வருடம் நாமக்கல் தீவன ஆலைக்குப் போன எங்கள் மக்காச்சோள லோடு போன வேகத்தில் திரும்பி வந்த கதை நம் பெரம்பலூர் பக்கம் பலருக்கும் தெரியும். கோழித்தீவன மக்காச்சோளத்தில் அஃப்ளடாக்சின் என்கிற பூசண நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எங்களுடையது தாண்டியிருந்தது. மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் மணி பளபளவென்றுதான் இருந்தது. அன்றைக்கு ஆலைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம், ஒளிப்பானேன்.

இந்தத் தையில் லோடு இறங்கிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் வேளாண் உதவி அலுவலர் அம்மாவுக்கு. மிச்சம் கிடந்த கதிர்க் குவியலருகே உட்கார்ந்து ஒரு கதிரின் தோகையை உரித்தார். புழு துளைத்த இடத்தில் பாசிப் பச்சையில் பொடி. "அண்ணே, இது களத்தில பிடிச்சதில்ல, காட்டுலயே பிடிச்சது" என்றார். மணி பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் வாடினாலும், கதிரைப் புழு துளைத்தாலும் பூசணம் உள்ளே போய்விடுமாம். நஞ்சு ஒருமுறை ஏறிவிட்டால் காயவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. நான் அதுவரை மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை ஐப்பசி மழை சரியாகப் பால் பிடிக்கிற சமயம் பார்த்து நின்றது. பக்கத்துக் காட்டுச் சித்தப்பா தன் பருத்தியை நிறுத்திவைத்துவிட்டு, போரிலிருந்து இரண்டு இரவு எனக்குத் தண்ணீர் விட்டார். காசு பேசினால் முறைத்தார்.

மணியின் அடியில் கறுப்புப் புள்ளி விழும்வரை பொறுத்துத்தான் கதிர் ஒடித்தோம். ஒடிக்க வந்த அக்காமார் புழுக் கதிரையும் பூசணக் கதிரையும் தனியாக ஒதுக்கினார்கள். ஒரு நாள் கூலி கூடுதலாகுமே என்று நான் முனகியது அவர்கள் காதில் விழுந்திருக்கும், மன்னிக்கவும். மொத்த லோடையும் கெடுக்க அந்த நாலு கூடைக் கதிர் போதும். மாட்டுக்காவது போடலாமா என்றேன், என்னைப் பெற்ற அம்மா விடவில்லை. நஞ்சு பாலில் வந்துவிடும் என்று அலுவலர் சொன்னதை அவர் மறக்கவில்லை. குழி வெட்டிப் புதைத்தோம்.

மெஷின் தம்பிக்கும் நன்றி. வேகத்தைக் குறைத்து, மணி உடையாமல் அடித்துக் கொடுத்தார். உடைந்த மணியில்தான் பூசணம் சீக்கிரம் ஏறும்.

அப்புறம் காயவைப்பது. தார் ரோட்டில் கொட்டி, பனியில் அப்படியே விடுவதுதான் என் வழக்கம். மாமா மூன்று தார்ப்பாய் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து குவித்து மூடினார்கள்.

கடைசியாக அத்தைக்கு. ஈரமானி கைக்கு வரத் தாமதமானபோது அவருடைய ஹார்லிக்ஸ் பாட்டில்தான் உதவியது. காய்ந்த பாட்டிலில் ஒரு பிடி காய்ந்த உப்பு, மூன்று பிடி மணி. நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். முதல் நாள் வெள்ளையாக ஒட்டியது. நான்காம் நாள் ஒட்டவில்லை. அலுவலர் சொன்னபடி இன்னும் இரண்டு வெயில் காட்டினோம். ஈரமானி வந்ததும் வைத்துப் பார்த்தால் 12.

அத்தை, பாட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கழுவிக் கொண்டுவந்து தருகிறேன்.