மெமோவும் ஹரால்ட் லார்வுட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றுமில்லை. முழங்கால் பரவாயில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், வீட்டில்தான் யாரும் நம்புவதில்லை. சரி, என் கதை கிடக்கட்டும். மேலதிகாரி வாயால் சொன்ன வேலையை நீ செய்தாய், அது பிரச்சினையானதும் அவரே உன் கையில் மெமோவைக் கொடுத்து மன்னிப்பு எழுதித் தரச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, படித்து முடித்தவுடன் எனக்கு அந்தக் காலத்து இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளன் ஹரால்ட் லார்வுட் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதே. எதைச் சொன்னாலும் கிரிக்கெட்டுக்குள் போய்விடுவேன் என்று காலேஜிலிருந்தே திட்டுகிறவன்தானே நீ.

லார்வுட் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பதினாலு வயதில் அவனும் சுரங்கத்தில் வேலைக்குப் போனான், அங்கே வேலை செய்யும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டு. உயரம் ஏறத்தாழ அஞ்சடி எட்டங்குலம்தான், ஆனால் அந்தக் காலத்தில் அவன் வேகத்துக்கு நிற்க ஆளில்லை. 1926-ல் இங்கிலாந்துக்கு ஆடத் தொடங்கினான். 1930-ல் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மேன் இங்கிலாந்துக்கு வந்து ஒரே தொடரில் 974 ரன் குவித்துவிட்டுப் போக, அவரை அடக்க என்ன வழி என்று இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் யோசித்தார். 1932-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் முன் லண்டன் ஹோட்டல் ஒன்றில் லார்வுட்டையும் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் வோஸையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாட்டோடு திட்டத்தைப் பேசினார். குட்டையாகக் குத்தி உடம்புக்கு எழும்பும் பந்து, லெக் சைடில், அதாவது பேட்ஸ்மேனின் கால் பக்கம், நெருக்கமாக அஞ்சாறு பேர். தடுத்தால் கேட்ச், தூக்கி அடித்தால் எல்லைக்கு அருகே நிற்பவனிடம் கேட்ச். பாடிலைன் என்று பத்திரிகைக்காரர்கள் பேர் வைத்தது இதற்குத்தான்.

அந்தத் தொடரில் லார்வுட் 33 விக்கெட் எடுத்தான், இங்கிலாந்து 4-1 என்று ஜெயித்தது. அடிலெய்டில் ஆஸ்திரேலிய கேப்டன் உட்ஃபுல்லுக்கு நெஞ்சில் அடி, விக்கெட் கீப்பர் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையில் எலும்பு முறிவு, ஊரே கொந்தளித்தது. அந்த இரண்டு அடியும் விழுந்தபோது ஃபீல்டிங் வழக்கமான இடங்களில்தான் நின்றது என்பதையும், தப்பு என்னுடையதுதான் என்று ஓல்ட்ஃபீல்டே சொன்னார் என்பதையும் இன்றுவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

எனக்குப் பிடித்தது சிட்னியில் நடந்த கடைசி டெஸ்ட். சாயங்காலம் நல்ல பேட்ஸ்மேனைக் காப்பாற்ற முன்னால் அனுப்பும் நைட் வாட்ச்மேனாக இறங்கிய லார்வுட் 98 அடித்தான், சதத்துக்கு ரெண்டே ரன் பாக்கி. கேட்ச் பிடித்தது யார் தெரியுமா? ஃபீல்டிங்கே வராது என்று பேரெடுத்த அயர்ன்மங்கர். நாளெல்லாம் கத்தித் தீர்த்த அதே கூட்டம் எழுந்து கைதட்டியது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் பந்து வீசும்போது இடது பாதத்தில் எலும்பு உடைந்தது. ஓவரை முடி என்றார் ஜார்டின். நின்ற இடத்திலிருந்தே மீதிப் பந்துகளை வீசினான், உட்ஃபுல் அடிக்காமல் தட்டித் திருப்பிவிட்டார். அதோடும் விடவில்லை. பிராட்மேன் களத்தில் இருக்கும்வரை நீ வெளியே போகக் கூடாது, உன்னைப் பார்த்தாலே அவருக்கு உதறும் என்று நிற்கவைத்தார். பிராட்மேன் அவுட்டானதும்தான் அனுமதி கிடைத்தது. பிராட்மேனும், நொண்டிக்கொண்டே லார்வுட்டும், ஒரு வார்த்தை பேசாமல் சேர்ந்தே நடந்து வெளியேறினார்கள். 28 வயது. அதுதான் அவனுக்குக் கடைசி டெஸ்ட்.

அதற்குப் பிறகுதான் உன் மெமோ வருகிறது. 1933-ல் வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர்கள் அதே வித்தையை இங்கிலாந்து மண்ணிலேயே காட்டவும் கிரிக்கெட்டை நடத்திய லண்டன் பெரிய மனிதர்களுக்கு வலித்தது. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியா வருகிறது, யாராவது மன்னிப்புக் கேட்டாக வேண்டும். ஜார்டின் அமெச்சூர், அதாவது சம்பளம் வாங்காமல் ஆடும் ஜென்டில்மேன், அவரிடம் யார் கேட்பது? லார்வுட் ஆடிய நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டி அணியின் பணக்காரப் புரவலர் சர் ஜூலியன் கான் லார்வுட்டைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். கேப்டன் சொன்னதைச் செய்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மறுத்துவிட்டான்.

பாடிலைன் தொடரிலேயே இங்கிலாந்தின் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் கப்பி ஆலன் அப்படிப் பந்து வீச மாட்டேன் என்று ஜார்டினிடமே சொன்னார். அவரும் அமெச்சூர், சொல்ல முடிந்தது. கூலிக்கு ஆடும் லார்வுட் சொல்லியிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தக் காலத்தில் ரெண்டு வகையாருக்கும் டிரஸ்ஸிங் ரூமே தனித்தனி, தெரியுமா? 1962-ல்தான் இந்தப் பாகுபாட்டை ஒழித்தார்கள். சிட்னியில் பிறந்த ஆலன் பிற்பாடு இங்கிலாந்தில் தேர்வுக்குழுத் தலைவரானார், சர் பட்டமும் வாங்கினார். (நம்ம சேப்பாக்கத்தில் 1934-ல் நடந்த முதல் டெஸ்டுக்கும் ஜார்டின்தான் இங்கிலாந்து கேப்டன். அந்த அணியில் லார்வுட் இல்லை.)

லார்வுட் 1938 வரை கவுண்டி ஆடினான், பிறகு பிளாக்பூலில் ஒரு மிட்டாய்க் கடை வைத்தான். அங்கே அவனைத் தேடிப் போனது அவன் பந்தில் அடிபட்ட ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிங்கிள்டன். அவர் உதவியால் 1950-ல் மனைவி, அஞ்சு பெண்களோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோனான், அதுவும் 1932-ல் அணி போன அதே ஒரான்டஸ் கப்பலில். ஜனங்கள் வரவேற்றார்கள். இங்கிலாந்து ஒருவழியாக நினைத்துப் பார்த்து எம்.பி.ஈ. என்ற அரசு விருதைக் கொடுத்தது 1993-ல், 88 வயதில். ரெண்டு வருஷம் கழித்து சிட்னியிலேயே போய்ச் சேர்ந்தான்.

ஜார்டினை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். தொடர் முடிந்ததும் லார்வுட்டுக்கு ஒரு வெள்ளி ஆஷ்ட்ரே கொடுத்தார், ஆஷஸ் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா தொடரின் பேர், சாம்பல் என்று அர்த்தம்) ஜெயித்ததற்கு நன்றியுள்ள கேப்டன் தருவது என்று பொறித்து. அதைக் கடைசிவரை வீட்டில் வைத்திருந்தான். உன் மேலதிகாரி உனக்கு ஒரு டீகூட வாங்கித் தந்திருக்க மாட்டார்.

அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. அவர் அன்றைக்கு என்ன சொன்னார், கூட யார் இருந்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வை, யூனியனில் ஒருவரைக் கேள். என்ன ஆனது என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி