18 வயதோடு நின்றுபோகும் வருகைப் பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கல்விக்கு மத்திய அரசு தரவேண்டிய நிதியைப் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் ரூ.2,152 கோடி என்ற எண்ணைப் பார்க்கிறேன். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அத்தனை கோடியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஆள்தான். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பு பயிற்றுநர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு. வீட்டில் துரை என்று கூப்பிடுவோம். இப்போது 19 வயது. நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். முதல் வருடம் வகுப்பில் உட்காரவே மாட்டான், என் பின்னாலேயே சுற்றுவான். அந்தப் பயிற்றுநருக்கு எங்கள் பள்ளியோடு சேர்த்து 12 பள்ளிகள். செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு. ஒரு நாள் என்னிடம் வந்து, "அக்கா, காலி முட்டைத் தட்டு ஒண்ணு குடுங்க" என்றார். எதற்கென்று கேட்டேன். "பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அட்டைத் தட்டில் வரிசைக்கு 5 குழி, மொத்தம் 6 வரிசை. குழிக்கு ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னார். ஒரு வரிசை நிரம்பினால் பக்கத்தில் ஒரு 5 ரூபாய் நாணயம் வைக்க வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒரு 10 ரூபாய். இப்படியே எட்டு மாதம். சலிக்காமல் செய்தார், எனக்குத்தான் சலித்தது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் துரை 20 ரூபாயோடு கடைக்குப் போய் 13 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 7 ரூபாய் மீதி கொண்டுவந்தான். முட்டை வண்டி வரும் நாளில் தட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவான். ஒரு குழி காலியாக இருந்தாலும் என்னைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். என் முட்டைக் கணக்கு சரியாக இருந்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. (சமையலறைக்குள் அவனை விட்டதில்லை. அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.)

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு மொழிப் பாட விலக்கு, சொல்வதைக் கேட்டு எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கொடுத்து அலைந்தது அவர்தான். துரை இரண்டு பாடத்தில் தேறினான். அப்புறம் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையம் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு நடத்தும் பகல்நேர மையத்தில் அவன் பெயரைச் சேர்த்தார்கள்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கடுத்து அவர் செய்த காரியம். என் கணவர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். "இவனுக்கு 16 ஆயிடுச்சு, இனிமே புளியங்கொட்டை போதாது" என்று சொல்லி, மூன்று சாயங்காலம் அந்தத் தறிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அது அவர் வேலையில் சேர்ந்ததல்ல, அதற்குப் படியும் கிடையாது. நூல் சுற்றிய தார்களை நிறம் பிரித்து எந்தத் தறிக்கு எது என்று பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிற வேலை. தறி எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு தறியிலும் ஒரு நிறக் காகிதம் ஒட்டினார். சத்தம் தாங்காமல் முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவன், மூன்றாவது வாரம் தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். முதலாளி நல்ல மனிதர். டீக்காசு என்று 50 ரூபாய் கொடுத்தார். அந்த நோட்டை அவன் செலவழிக்கவே இல்லை, கோமதி அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறான்.

2024 ஆவணியில் அவனுக்கு 18 முடிந்தது. இலவசக் கல்வி 6 வயது முதல் 18 வயது வரை என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 18 முடிந்ததும் மையத்தின் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். யார் மீதும் தப்புச் சொல்ல முடியாது, விதி அப்படி. அதே நேரத்தில்தான் டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டம், தேசியக் கல்விக் கொள்கை என்று தகராறு முற்றி, 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்ட நிதி நின்றது. 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு என்று ஓடுகிற திட்டம். அதில்தான் சிறப்பு பயிற்றுநர்களுக்குத் தொகுப்பூதியம். அந்தச் செப்டம்பரில் முதல் வாரம் போயும் அவருக்குச் சம்பளம் வரவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் என்னிடம் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நானே முழுச் சம்பளம் இல்லாத சிறப்புக் காலமுறை ஊதியக்காரி, எங்கள் சங்கத்தோடு கொடி பிடித்துத் தெருவில் உட்கார்ந்தவள். ஆனாலும் ஒரு ஆசிரியர் என்னிடம் கைமாற்று கேட்டது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மும்மொழி வேண்டுமா, இருமொழி போதுமா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. மாநிலம் சொல்வதுதான் சரி என்று நினைப்பவள் நான். ஆனால் அந்தச் சண்டையில் எதைப் பணயம் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று ஒரு கணக்கு வேண்டாமா? சில மாதம் பார்த்துவிட்டு அவர் மதுரையில் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்விட்டார். போகும்போது அந்த 100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் இடம் நிரப்பப்படவில்லை. இன்னொருவர் தன் பள்ளிகளோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறார். மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடத்தான் அவருக்கு நேரம் இருக்கிறது.

18 வயது என்றதும் இன்னொன்றும் வந்தது. மாதாமாதம் மாநில அரசு தரும் ரூ.2,000 பராமரிப்புத் தொகை அவன் வங்கிக் கணக்கில் விழும். ஒரு நாள் எடுக்கப் போனால், "பையன் மேஜர் ஆயிட்டான்ம்மா, இனி உங்க கையெழுத்து செல்லாது" என்றார்கள். அவனுக்கோ கையெழுத்து வராது. பெற்ற தாயே இல்லை என்று ஆனது போல இருந்தது எனக்கு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு ஒரு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? மதுரைக்குப் போன அந்தப் பயிற்றுநரேதான், போனில். அவரிடம் கேட்டிருக்காவிட்டால் நான் இன்னும் அந்த வங்கி வாசலிலேயே நின்றிருப்பேன். மனுப் போட்டு, விசாரணைக்குப் போய், சான்றிதழ் கையில் வாங்கும்வரை ஆறு மாதப் பணம் கணக்கிலேயே கிடந்தது.

அந்த ஆறு மாதம் துரை வீட்டில்தான் இருந்தான். தறிக்கூடத்தில் வேலை குறைந்து ஆளைக் கழித்துவிட்டார்கள், நிறக் காகிதங்களும் கிழிந்துபோயின. புதிதாக ஒரு இடம் பார்த்து, அங்கே அவனுக்குப் பழக்கிவிட ஆள் இல்லை. செல்போனும் டிவியும்தான். 9 கிலோ கூடிவிட்டான். தைராய்டு வேறு. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பழைய பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். 18 முடிந்தவன் இனிப் பள்ளிக்கு வரக் கூடாது என்பதை ஒரு பாடமாக அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனம் அமர் சேவா சங்கம் இருக்கிறதே என்பார்கள். நல்ல இடம்தான், போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து மூன்று பஸ். வேலைவாய்ப்பில் 4 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். அதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் பங்கு உண்டுதான், ஆனால் போட்டித் தேர்வு எழுதி வர வேண்டும். துரைக்கு அது ஆகிற காரியமா?

எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று நிர்ணயிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. 2022இல் மத்திய அரசு நிர்ணயித்தது: தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குங்கள் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் மாநிலங்களைக் கேட்டது. 12 பள்ளிக்கு ஒருவர் என்று எங்கள் பக்கம் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒருவருடைய சம்பளத்தையும் யாரோ எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய ஒரு திட்டக் கணக்கில் வைத்திருக்கிறோம். கணக்கு வாத்தியார் சம்பளத்தை அப்படி வைப்போமா? மாநில அரசு தன் சொந்த வரவு செலவில் இந்தப் பணியிடங்களைக் கொண்டுவரட்டும். மத்திய அரசின் பங்கு வரும்போது வரவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பள்ளிக்கல்வித் துறை 18 வயதில் கையைக் கழுவுகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, நாமாகப் போய்க் கதவைத் தட்டினால்தான் திறக்கிறது. நடுவில் இருப்பது அந்தப் பயிற்றுநர் மட்டும்தான். பிள்ளைக்கு 15 வயது ஆனதும் நலத் துறை ஆள் ஒருவர் பள்ளிக்கே வந்து, பயிற்றுநரோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, பாதுகாவலர் மனுவையும் வேலைப் பழக்கத்தையும் அப்போதே தொடங்கலாம். வட்டார வள மையத்தின் பகல்நேர மையத்தில் 21 வயது வரை பெயர் இருக்கட்டும். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, பிற்பகலில் பூட்டித்தான் கிடக்கிறது. உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்று மாநில அரசு தொடங்கியிருக்கும் 'விழுதுகள்' சேவை மையங்களில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒரு ஆளைப் போட்டால் இன்னும் நல்லது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கல்வி நிதி பற்றிச் செய்தி போடும்போது கோடிக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை சிறப்பு பயிற்றுநர் இடங்கள் காலி, அங்கே எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் வாங்கிப் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்கலாம் என்றுதான் இருக்கிறேன். செய்தித்தாள் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

பெயரை வெளியிட வேண்டாம். நான் இன்னும் 9 வருடம் வேலை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சத்துணவு அமைப்பாளர்,
தென்காசி மாவட்டம்.