ஏணியில் ஏறிச் சொல்ல ஆளில்லை

அன்புள்ள மாப்ள,

ஆறு மாசமாக ஒரு வரிகூட எழுதவில்லை, அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருத்துவர் நடக்கச் சொன்னால் நீ நாற்காலியைத் தேடுகிற ஆள், அதனால்தான் கேட்கிறேன்.

விஷயம், நம்மைப்போலவே விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிற அக்கா மகனைப் பற்றியது. போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான், குரலே சரியில்லை. வேலை முடிந்து டூல் கிட்டைச் சரிபார்த்தபோது ஒரு ஸ்பேனர் குறைந்திருக்கிறது, அதற்கென்று வெட்டிய பள்ளம் காலி. எண்ணிக்கை சரியாக வராமல் விமானத்தை விடக் கூடாது என்பது நமக்கு முதல் மாதமே மண்டையில் ஏற்றிய பாடம். பயல் விமானத்தை நிறுத்திவிட்டான். பைலட் அதற்குள் பெல்ட் போட்டு, வெயிலில், மூடிய காக்பிட்டில் உட்கார்ந்திருக்கிறார். இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "உங்களால் ஒரு நாளாவது நேரத்துக்கு விமானம் தர முடியுமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். ஸ்பேனர் கடைசியில் இடது சக்கரக் குழிக்குள், ஒரு குழாய்க்குப் பின்னால் கிடைத்தது. சக்கரம் மடங்கி உள்ளே போகிற இடம் மாப்ள! அதற்குப் பிறகும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

கேட்டதும் எனக்குப் பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களோடு பறந்தவர்களுக்கு 2013-இல் தனியாக ஒரு பதக்கப் பட்டை கொடுத்தார்கள், அதில் தரைப் பணியாளர்களுக்கு இடமில்லை. உயிரைக் கொடுத்தவர்களுக்கு மரியாதை வேண்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. ஆனால் குளிரில் எஞ்சினைப் பிரித்து மாட்டிவிட்டு, விடியும்வரை காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அந்த விமானம் யாருடையதாகத் தெரிந்திருக்கும்?

சரி, அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தேன். தாமதம் ஏன் என்று அந்த இருபது நிமிஷத்தில் பைலட்டிடம் யார் சொன்னார்கள்? இவன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான், அவர் மேலே சொல்லியிருக்கிறார், ஏணியில் ஏறி உள்ளே இருக்கிற மனுஷனிடம் சொல்ல மட்டும் ஒருத்தருமில்லை. பராமரிப்பில் பிழை வருவதற்கான பன்னிரண்டு காரணங்களை 1993-இல் கனடாவில் கார்டன் டுபான்ட் தொகுத்தபோது, தகவல் பரிமாற்றக் குறையைத்தான் முதலில் வைத்தார்.

நம் ஹைட்ராலிக் எச்சரிக்கை விளக்கு ஞாபகமிருக்கிறதா? அந்த பைலட் மூன்று தடவை ஸ்னாக், அதாவது குறை இருக்கிறதென்று எழுதினார், நாமும் மூன்று தடவை எஃப்-700 என்கிற பராமரிப்புப் பதிவேட்டில் "கிரவுண்ட் ரன் செய்தோம் (தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம்), குறையில்லை" என்று கையெழுத்துப் போட்டோம். அவர் நம்மைச் சோம்பேறி என்று நினைத்தார், நாம் அவர் கதை விடுகிறார் என்று நினைத்தோம். நாலாவது தடவை நான் பைலட்கள் இருக்கும் க்ரூ ரூமுக்கே போய் நின்றேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவே இல்லை. உள்ளங்கையை விமானம்போல் சாய்த்து, "இடது பக்கம் இறுக்கித் திருப்பும்போது, நாலு ஜிக்கு மேல் போனால் மட்டும்" என்று காட்டினார், அதாவது எல்லாம் நாலு மடங்கு எடையாக அழுத்தும்போது. பிறகுதானே கிளாம்பைக் கழற்றினோம்? பின்னால் வயரின் தோல் உரசிக் கடுகளவு செம்பு தெரிந்தது. தரையில் விலகியே இருக்கும், பாரம் ஏறினால் தொங்கி உலோகத்தைத் தொடும். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

அடுத்த தடவை நீயே ஏணியில் ஏறிச் சொல் என்று பயலிடம் சொல்லிவிட்டேன். தயங்குகிறான், அங்கே அது வழக்கமில்லையாம். நீ அவனுக்கு ஒரு போன் போடு. நான் சொன்னால் மாமா பேச்சு என்று விட்டுவிடுவான். அந்த விளக்குக் கதையை நீயே சொல், கிளாம்பைக் கழற்றியது உன் கைதானே.

உன் நண்பன்