பதினாறு முகங்கள்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. பிரமோஷன் இண்டர்வியூவில் இந்தத் தடவையும் ஊற்றிக்கொண்டது. நீ சிரிப்பாய் என்றுதான் சொல்லவில்லை. சரி, இப்போது சிரித்துக்கொள்.

எதிரே ஐந்து பேர். நாலு பேர் முகம் சத்தியமாக நினைவில்லை. ஓரத்தில் இருந்தவர் ஒரு தடவை உதட்டைச் சுழித்தார். அது மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்புறம் ஆபீஸ், பஸ், டீக்கடை என்று எவன் நெற்றியைச் சுருக்கினாலும் எனக்காகத்தான் என்று தோன்றியது.

சின்னவள் சைக்காலஜி படிக்கிறாள் அல்லவா, இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது என்றாள். மான்ட்ரியலில் மெகில் பல்கலைக்கழகத்து டாண்டனோவும் பால்ட்வினும் 2004-இல் எழுதியது. தன்மதிப்பு குறைந்தவன் கவனம், ஒதுக்கப்படுவதைச் சொல்லும் வார்த்தைகளில் போய்ச் சிக்கிக்கொள்கிறதாம். அதை விடுவிக்கத் திரையில் 16 முகங்கள்: 15 சுளிப்பு, ஒன்று சிரிப்பு. சிரிப்பைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப. நாளெல்லாம் 'வேண்டாம், வையுங்கள்' என்று கேட்டே பிழைக்கும் போன் விற்பனைக்காரர்களுக்கு இதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்ததில், உடம்பில் கார்டிசால், அதாவது மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன், குறைந்ததாம். லியரி என்ற அமெரிக்க உளவியலாளர் தன்மதிப்பையே வண்டியின் பெட்ரோல் முள் என்கிறார். ஊர் நம்மை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை. என் முள் எப்போதும் ரிசர்வில். உனக்கு முள்ளே கிடையாது. கெமிஸ்ட்ரி வாத்தியார் முகம் சிவந்து நிற்க, நாலாவது சந்தேகம் கேட்டவன் நீதானே!

அந்த விளையாட்டுக்கும் பிடிபடாத ஒன்று நடந்தது. மூன்று நாளாகக் கமலா முகமே சரியில்லை. சம்பளம் ஏறாத கோபம் என்று முடிவு கட்டி, நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன். "உங்களைத் தவிர எனக்கு வேற கவலையே இருக்கக் கூடாதா? அம்மாவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன்" என்றாள். முந்தின வாரமே சொன்னாளாம். மூன்று நாள் அவள் முகத்தையே பார்த்திருக்கிறேன், சேகர். அதில் அவளைப் பார்க்கவில்லை.

மாமியார் நலம். கட்டுப் பிரித்ததும், "மாப்பிள்ளை, ஏன் இப்படி இளைச்சிட்டீங்க?" என்றார்.

போன தடவை பஸ் ஸ்டாண்டில் நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் என் புராணத்தையே பாடி உன்னை ஏற்றிவிட்டேன். அது என்னடா? எழுது.

உன்,
ராமு