ஆண்டறிக்கை: மூன்று சொற்பொழிவுகளும் ஒரு நத்தைக் கல்லும்

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

"பட்டிமன்றம் போதும், இனி பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் அழைத்து உருப்படியாக எதையாவது கேட்போம்" என்று சென்ற ஆண்டு தீர்மானம் போட்டோம். அதன்படி உயிரின் தோற்றம், பரிணாமம் பற்றி மூன்று பொதுச் சொற்பொழிவுகள் நூலக மாடியில் நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது. பேசியதில் பெரும்பகுதி நாற்காலி வாடகை என்பதால் விரிக்கவில்லை.

முதல் பேச்சு, 1952இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர் செய்த சோதனை பற்றியது. வாடகை புரொஜெக்டர் பத்தாவது நிமிடத்தில் உயிரை விட்டது. அதுவும் நல்லதற்குத்தான். ஆங்கிலப் படங்களை நம்பி வந்த பேராசிரியர் சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்ததும் தமிழும் தானாக வந்துவிட்டது. உயிர் தோன்றுமுன் புவி இருந்ததாக அன்று கருதிய நிலையைக் காட்ட, கீழே கொதிக்கும் நீர், மேலே மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நடுவே மின்பொறி என்று இரண்டு குடுவைகளை வரைந்தார். ஒரு வாரத்தில் நீரின் நிறம் மாறி, அதில் புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் கிடைத்தன. மில்லர் மறைந்த பிறகு, அவர் பத்திரப்படுத்தியிருந்த குப்பிகளை 2008இல் மறுபடி ஆராய்ந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் தென்பட்டனவாம்.

"ஆதிக் காற்று அப்படித்தான் இருந்ததா?" என்று நம் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் விடாமல் கேட்டார். கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுதியாக இருந்திருக்கும் என்பதே இன்று பலரின் கருத்து என்றும், அமினோ அமிலத்திலிருந்து செல் வரை உள்ள வழி இன்னும் முழுதாக யாருக்கும் புலப்படவில்லை என்றும் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அன்றைய பேச்சில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இரண்டாவது கூட்டம் சிரில் பொன்னம்பெருமா பற்றி. இலங்கையின் காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அவர் குழு அமினோ அமிலங்களைக் கண்டது. தொட்டவர் கையிலிருந்து ஒட்டியதாக இருக்கக்கூடாதா? சங்கில் இடம்புரி, வலம்புரி என்று இருப்பதுபோல் அமினோ அமிலத்திலும் இரு வகை உண்டு. புவியின் உயிர்களில் அநேகமாக ஒரு வகைதான். விண்கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமம்; ஆகவே கையிலிருந்து ஒட்டியதல்ல. இந்த விளக்கத்துக்குக் கைத்தட்டல் கிடைத்தது. பிறகு, யாழ்ப்பாணத்தில் படித்த உறுப்பினர் ஒருவர், "எங்கள் பாடநூலில் பரிணாமம் அல்ல, கூர்ப்பு" என்றார். அந்த விவாதம் இருபது நிமிடம் ஓடியது. இரண்டும் செல்லும் என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிந்திருக்கிறேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு, காரை என்ற ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் துண்டில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நத்தைக் கல் என்றார். பேராசிரியர் ஈர விரலால் அதைத் துடைத்தார். இலை விளிம்பு போல நெளிநெளியான கோடுகள் தெரிந்தன. நத்தை அல்லவாம், கல்லாகிப்போன அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரி, கணவாய்க்கு உறவு. உள்ளே அறை அறையாகத் தடுத்து, காற்றால் மிதந்து வாழ்ந்தது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடல். இங்கே சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் பழைய கடலின் மிச்சம்தான். தயாரித்து வந்த உரையைப் பேராசிரியர் மடித்து வைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் அந்தக் கல்லைப் பற்றியே பேச்சு. குரங்கு ஏன் இன்னும் மனிதனாகவில்லை என்று வழக்கம்போல் ஒருவர் கேட்க, "அது நமக்குப் பாட்டன் இல்லை ஐயா, பங்காளி" என்றார்.

குறையும் உண்டு. மூன்று கூட்டங்களிலும் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே வந்தார்கள். மாலை ஏழு மணிக்கு வைத்தது என் தவறு. அடுத்த ஆண்டு ஞாயிறு காலை என்று முன்மொழிகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பெரியவர் கொடுத்த கல்லை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் சேர்க்கும்படி செயற்குழு என்னைப் பணித்தது. மூன்று மாதமாக அது என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறேன்.

செயலாளர்